1 பதக்கம் வென்ற பாகிஸ்தான் 62ஆவது இடம், 6 பதக்கம் வென்ற இந்தியா 71ஆவது இடம்: ஒலிம்பிக் பட்டியல் சொல்வது என்ன? மறைப்பது என்ன?

2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிந்ததும் பதக்கப் பட்டியலைப் பார்த்த பலருக்கும் ஒரு குழப்பம் வந்திருக்கும். இந்தியா 6 பதக்கம் வென்றது. பாகிஸ்தான் வென்றது ஒரே ஒரு பதக்கம். ஆனால் பட்டியலில் பாகிஸ்தான் 62ஆவது இடத்தில் இருந்தது. இந்தியாவுக்குக் கிடைத்தது 71ஆவது இடம்.

கூடவே வழக்கமான கேள்வியும் வந்தது. "140 கோடி பேர் இருக்கிற நாட்டுக்கு 6 பதக்கம்தானா? 2 லட்சம் பேர்கூட இல்லாத செயின்ட் லூசியா தங்கம் வாங்குதே!" நான்கு ஆண்டுக்கு ஒருமுறை டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் கேட்கும் கேள்விதான் இது.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன? சில நாடுகள் பதக்கங்களை அள்ளிக்கொண்டு போவதும், சில நாடுகள் ஒன்றிரண்டோடு திரும்புவதும் ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இந்தப் பட்டியலை எப்படிப் போடுகிறார்கள்?

நாம் வழக்கமாகப் பார்க்கும் பட்டியலில் தங்கத்துக்குத்தான் முதல் மரியாதை. எந்த நாடு அதிகத் தங்கம் வென்றதோ அது மேலே இருக்கும். தங்கம் சமமாக இருந்தால் வெள்ளியைப் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் வெண்கலம்.

பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் ஈட்டி எறிதலில் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அதே போட்டியில் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். இந்தியாவுக்கு அந்த ஒரு வெள்ளியும் 5 வெண்கலமும் கிடைத்தன. தங்கம் இல்லை. அதனால் ஒரு தங்கம் வாங்கிய நாடுகள் எல்லாமே இந்தியாவுக்கு மேலே போய்விட்டன.

அமெரிக்க ஊடகங்கள் பெரும்பாலும் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் கூட்டி, மொத்தத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். அப்படிப் பார்த்தால் இந்தியா பாகிஸ்தானுக்கு மேலே வந்துவிடும். நாடும் அதேதான், பதக்கமும் அதேதான். எண்ணும் முறை மாறினால் இடமும் மாறிவிடும்.

பாரிஸில் முதலிடமே நூலிழையில்தான் முடிவானது. கடைசி நாளில் நடந்த பெண்கள் கூடைப்பந்து ஃபைனலில் அமெரிக்கா 67-66 என்று ஒரே ஒரு புள்ளியில் பிரான்ஸை வென்றது. அதோடு அமெரிக்காவும் சீனாவும் தலா 40 தங்கம். வெள்ளியில் 44-க்கு 27 என்று அமெரிக்கா முந்தியதால் முதலிடம் அவர்களுக்கு.

இன்னொரு சுவாரசியமான விஷயம். ஒலிம்பிக் சாசனத்தின்படி, இந்தப் போட்டிகள் தனிநபர்களுக்கும் அணிகளுக்கும் இடையே நடப்பவை, நாடுகளுக்கு இடையே நடப்பவை கிடையாது. ஆனால் டிவியில் கொடி ஏறி தேசிய கீதம் ஒலிக்கும்போது அந்த விதி யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

மக்கள் தொகை அதிகம் என்றால் பதக்கமும் அதிகமாக வரணுமே?

கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஒலிம்பிக் விதிகளே இதற்கு இடம் தருவதில்லை.

ஒரு நாடு எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்ப முடியாது. தடகளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் 3 பேர். நீச்சலில் 2 பேர். டேபிள் டென்னிஸ் ஒற்றையர் பிரிவில் 2 பேர். மல்யுத்தம், குத்துச்சண்டை என்றால் ஒரு எடைப் பிரிவுக்கு ஒரே ஒருவர்தான். உலகின் டாப் 10 டேபிள் டென்னிஸ் வீரர்கள் அத்தனை பேரும் சீனர்களாகவே இருந்தாலும், ஒற்றையர் பிரிவில் ஆடப்போவது இரண்டே பேர். ஆக, பெரிய நாட்டின் 'கூட்டம்' வாசலிலேயே வடிகட்டப்படுகிறது.

அடுத்து, மக்கள் தொகைக் கணக்கில் பதக்கத்தை வகுத்துப் பார்ப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். பாரிஸில் கரீபியன் தீவு நாடான கிரெனடா 2 வெண்கலம் வென்றது. அங்கே மக்கள் தொகை சுமார் 1.2 லட்சம். அதே விகிதத்தில் இந்தியா வெல்ல வேண்டும் என்றால் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதக்கங்கள் வேண்டும். ஆனால் பாரிஸில் எல்லா நாடுகளுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது ஆயிரத்துச் சொச்சம் பதக்கங்கள்தான். இந்த ஒப்பீடு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

செயின்ட் லூசியாவின் கதையும் கவனிக்க வேண்டியது. பெண்கள் 100 மீட்டரில் தங்கம், 200 மீட்டரில் வெள்ளி என இரண்டு பதக்கங்களையும் வென்றவர் ஜூலியன் ஆல்ஃபிரட் என்ற ஒரே பெண். அந்த நாட்டுக்கு அவை முதல் ஒலிம்பிக் பதக்கங்கள். ஆனால் அவர் பதின்ம வயதிலேயே பயிற்சிக்காக ஜமைக்கா போனவர். பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓடிப் பழகியவர். திறமை செயின்ட் லூசியாவுடையது, அதைத் தீட்டியது ஜமைக்காவும் அமெரிக்காவும்.

பிரான்ஸுக்கு 4 தனிநபர் தங்கம் வாங்கித் தந்த நீச்சல் வீரர் லியோன் மர்ஷானும் அமெரிக்காவின் அரிசோனாவில் பயிற்சி பெற்றவர்தான். பட்டியலில் கொடி ஒன்றுதான் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் நாடுகள் தெரியாது.

அப்போ பணம்தான் காரணமா?

பாதி ஆமாம். ஆண்ட்ரூ பெர்னார்ட், மேகன் பஸ்ஸி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். மக்கள் தொகை, தனிநபர் வருமானம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாட்டின் பதக்கப் பங்கை ஓரளவு கணிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். போட்டியை நடத்தும் நாட்டுக்குக் கூடுதல் லாபம் கிடைப்பதையும் கண்டார்கள். ஆட்கள் மட்டும் இருந்தால் போதாது, அவர்களைத் தயார் செய்ய வசதியும் வேண்டும் என்பதுதான் சாரம்.

ஏன் என்று யோசித்தால் எளிதாகப் புரியும். நீச்சலுக்குக் குளம் வேண்டும். சைக்கிள் பந்தயத்துக்கு விலை உயர்ந்த சைக்கிளும் அதற்கான தடமும் வேண்டும். துடுப்புப் படகு, பாய்மரப் படகு, குதிரையேற்றம்... இவை எல்லாமே காசு கேட்கும் விளையாட்டுகள்.

அதே நேரம், பணக்கார நாடுகளின் பட்டியலும் பதக்கப் பட்டியலும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்கு நல்ல உதாரணம் உஸ்பெகிஸ்தான்.

உஸ்பெகிஸ்தான்: 8 தங்கம் வந்தது எப்படி?

உஸ்பெகிஸ்தானின் மக்கள் தொகை 4 கோடிக்கும் குறைவு. தனிநபர் வருமானத்தில் இந்தியாவிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கும் நாடும் அல்ல. ஆனால் பாரிஸில் 8 தங்கம் உட்பட 13 பதக்கம் வென்று 13ஆவது இடத்தைப் பிடித்தது.

அந்த 8 தங்கமும் எந்தெந்த விளையாட்டில் வந்தது தெரியுமா? குத்துச்சண்டையில் 5. ஜூடோ, டேக்வாண்டோ, மல்யுத்தம் ஆகியவற்றில் தலா 1. எட்டுமே சண்டை விளையாட்டுகள்!

இங்கேதான் பட்டியலின் ரகசியம் இருக்கிறது. பாரிஸில் மொத்தம் 329 போட்டிகள் நடந்தன. எல்லா விளையாட்டுக்கும் சமமான எண்ணிக்கையில் பதக்கம் கிடையாது. தடகளத்தில் 48 தங்கம். நீச்சல் குளத்தில் மட்டும் 35 தங்கம். மல்யுத்தத்தில் 18. ஜூடோவில் 15. குத்துச்சண்டையில் 13. ஆனால் ஹாக்கியில்? ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. அவ்வளவுதான்.

இந்திய ஹாக்கி அணி இரண்டு வாரம் விளையாடி, அரையிறுதியில் தோற்று, மறுபடி எழுந்து வென்ற வெண்கலம் பட்டியலில் 'ஒன்று' என்றுதான் பதிவாகும். ஒரே நீச்சல் வீரர் ஒரு வாரத்தில் 4 தங்கம் வாங்கிவிடலாம். எந்த விளையாட்டு பெரியது என்ற கேள்வி அல்ல இது. பட்டியல் கணக்குப் போடும் விதம் அப்படி.

உடல் எடைப் பிரிவு இருக்கும் விளையாட்டுகளில் இன்னொரு சாதகமும் உண்டு. நாட்டுக்கு ஒருவர்தான் என்பதால் பெரிய நாடுகள் ஆட்களைக் குவிக்க முடியாது. பெரிய குளமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. ஏற்கெனவே ஊர் ஊராக வேரூன்றிய விளையாட்டாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மற்ற நாடுகளும் இதையேதான் செய்கின்றனவா?

பெரும்பாலும் ஆமாம். பட்டியலில் மேலே இருக்கும் நாடுகளும் எல்லா விளையாட்டிலும் சமமாக ஜெயிப்பதில்லை.

சீனா: பாரிஸில் டைவிங்கில் இருந்த 8 தங்கத்தையும் சீனாவே எடுத்தது. டேபிள் டென்னிஸில் 5-க்கு 5. துப்பாக்கிச் சுடுதலில் 5, பளுதூக்குதலில் 5. இந்த நான்கு விளையாட்டுகளில் மட்டும் 23 தங்கம். மொத்த 40-ல் பாதிக்கும் மேல். சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அரசு விளையாட்டுப் பள்ளிகளில் சேர்க்கும் முறை அங்கே பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

அமெரிக்கா: விளையாட்டுக்கென மத்திய அமைச்சகமே இல்லாத நாடு. அங்கே அந்த வேலையைச் செய்பவை கல்லூரிகள். விளையாட்டு ஸ்காலர்ஷிப், கோச், மைதானம், வாராவாரம் போட்டி எல்லாம் கல்லூரியிலேயே கிடைக்கும். பாரிஸில் தடகளத்தில் 14, நீச்சலில் 8 என இந்த இரண்டில் மட்டும் 22 தங்கம்.

தென் கொரியா: வில்வித்தையில் 5-க்கு 5. அவர்களின் பெண்கள் அணி 1988 முதல் நடந்த 10 ஒலிம்பிக்கிலும் தங்கத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. அங்கே ஒலிம்பிக் பதக்கம் வாங்குவதைவிட, தேசிய அணிக்குள் நுழைவதே கஷ்டம் என்று சொல்வார்கள்.

நெதர்லாந்து: சுமார் 1.8 கோடி பேர். 15 தங்கத்தோடு 6ஆவது இடம். துடுப்புப் படகில் 4, ஹாக்கியில் இரண்டுமே, டிராக் சைக்கிளிங்கில் ஹாரி லாவ்ரேசன் என்ற ஒரே வீரர் 3. தண்ணீரும் சைக்கிளும் ஹாக்கியும் அவர்கள் அன்றாட வாழ்க்கையிலேயே கலந்தவை.

ஜமைக்கா: 1910-ல் தொடங்கிய பள்ளி மாணவர்களுக்கான தடகளப் போட்டி இன்றும் அங்கே திருவிழா மாதிரி நடக்கிறது. ஸ்டேடியம் நிரம்பி வழியும். உசேன் போல்ட் உட்பட அந்த நாட்டின் பெரிய ஓட்டக்காரர்கள் அந்தத் தடத்தில் ஓடி வந்தவர்கள்தான். மரபணு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் ஒரு நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஓடிப் பார்க்க ஒரு மேடை இருக்கிறது என்பதுதான் அங்கே பெரிய விஷயம்.

ஒரே ஒரு தங்கத்திலிருந்து 27 தங்கம் வரை: பிரிட்டன் என்ன செய்தது?

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டன் வென்றது ஒரே ஒரு தங்கம். இடம் 36. அந்த நாட்டில் அது பெரிய அவமானமாகப் பேசப்பட்டது.

அடுத்த ஆண்டே தேசிய லாட்டரியில் வரும் பணத்தில் ஒரு பகுதியை ஒலிம்பிக் வீரர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பிரித்துக் கொடுக்க யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பு வந்தது. விதி ரொம்ப எளிமை: பதக்கம் வரும் விளையாட்டுக்குப் பணம். வராத விளையாட்டுக்கு வெட்டு.

பலன் உடனே தெரிந்தது. 2000 சிட்னியில் 11 தங்கம். 2008 பெய்ஜிங்கில் சைக்கிளிங்கில் மட்டும் 8 தங்கம். 2012-ல் சொந்த ஊர் லண்டனில் 29 தங்கம். 2016 ரியோவில் 27 தங்கத்தோடு சீனாவையே பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம்.

வழக்கமாகப் போட்டியை நடத்திய நாடு அடுத்த ஒலிம்பிக்கில் சரியும். ஜப்பான் டோக்கியோவில் 27 தங்கம் வாங்கியது, பாரிஸில் 20-ஆகக் குறைந்தது. பிரிட்டன் அந்த வழக்கத்தையும் உடைத்து, லண்டனைவிட ரியோவில் மொத்தப் பதக்கத்தைக் கூட்டிக் காட்டியது.

இதுவரை கேட்டால் சூப்பர் ஃபார்முலா மாதிரி தெரியும். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது.

பட்டியலில் தெரியாத விலை

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமாக விளையாடும் கூடைப்பந்துக்கு, ஒலிம்பிக் பதக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லி நிதி நிறுத்தப்பட்டது. ரியோவில் வெண்கலம் வென்று வந்த பேட்மிண்டனுக்கே அடுத்த சுற்றில் பணம் வெட்டப்பட்டது. பதக்கம் வாங்கிய பிறகும் இந்த நிலைமை!

அதைவிட வேதனையான விஷயம் ஜிம்னாஸ்டிக்ஸ். பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸில் சிறுமிகள் உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் துன்புறுத்தப்பட்டதாகப் புகார்கள் கிளம்பின. விசாரித்த ஒயிட் குழுவின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. அந்தக் குழுவுக்கு 400-க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்பியிருந்தார்கள். எடை பார்க்கும் பயம், காயத்தோடு பயிற்சி, திட்டு... இவை எல்லாம் எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராது.

இதன் உச்சக்கட்டம் கிழக்கு ஜெர்மனி. ஒன்றே முக்கால் கோடிக்கும் குறைவான மக்கள் இருந்த அந்த நாடு 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 40 தங்கம் வென்று, அமெரிக்காவையே முந்தி இரண்டாம் இடம் பிடித்தது. பெண்கள் நீச்சலில் இருந்த 13 தங்கத்தில் 11 அவர்களுக்குத்தான். உலகமே வியந்தது. பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் ஆவணங்கள் வெளியே வந்தன. அரசே திட்டம் போட்டு வீராங்கனைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்திருக்கிறது. பலர் சிறுமிகள். வைட்டமின் மாத்திரை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அவர்களில் பலர் உடல்நலம் கெட்டு அவதிப்பட்டார்கள். பட்டியலில் அந்த 40 தங்கம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் இருக்கிறது. நார்வேயின் மக்கள் தொகை சுமார் 55 லட்சம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் உட்பட 37 பதக்கம் வென்று முதலிடம் பிடித்தது. அங்கே பனி இருக்கிறது, பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. 11 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ரேங்க் பட்டியல் போடக் கூடாது, 13 வயதுக்குக் கீழ் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது என்பது அந்த நாட்டு விளையாட்டு அமைப்பின் விதி. முதலில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடட்டும், ஜெயிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

சரி, இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியாவின் கணக்கைப் புரிந்துகொள்ள இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன ஒரு கருத்து உதவும். அனிருத் கிருஷ்ணா, எரிக் ஹாக்லண்ட் இருவரும் 2008-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் எழுதிய கட்டுரை அது. ஒரு நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று பார்க்காதீர்கள், உண்மையில் போட்டியிடும் வாய்ப்புள்ளவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள் என்றார்கள். உடல்நலம், படிப்பு, வெளியுலகத் தொடர்பு இந்த மூன்றும் கிடைத்தவர்கள்தான் அந்தக் கணக்கில் வருவார்கள். சாலை இல்லாத ஊரில், சத்தான சாப்பாடு கிடைக்காத வீட்டில், தேர்வு எங்கே நடக்கிறது என்றே தெரியாமல் வளரும் பிள்ளை எவ்வளவு திறமையாக இருந்தாலும் அந்தக் கணக்குக்குள் வராது.

அப்படிப் பார்த்தால், ஒலிம்பிக்கில் போட்டியிடுவது 140 கோடி பேர் கொண்ட இந்தியா கிடையாது. அதற்குள் இருக்கும் ரொம்பச் சின்ன இந்தியா.

அதற்கு ஆதாரம் பாரிஸ் பட்டியலிலேயே இருக்கிறது. ஹாக்கியைத் தவிர்த்தால் இந்தியா வென்றது 5 பதக்கம். அதில் 4 பதக்கத்தில் ஹரியானாக்காரர்கள் இருக்கிறார்கள். மனு பாக்கர் தனியாக ஒன்று, அவரும் சரப்ஜோத் சிங்கும் சேர்ந்து ஒன்று, நீரஜ் சோப்ரா, மல்யுத்த வீரர் அமன் செஹ்ராவத். இந்திய மக்கள் தொகையில் ஹரியானாவின் பங்கு சுமார் 2 சதவீதம்தான்!

அங்கே மட்டும் என்ன ஸ்பெஷல்? ஊருக்கு ஊர் அகாடா என்னும் மல்யுத்தப் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. ஜெயித்தால் பெரிய பரிசுத் தொகையும் அரசு வேலையும் கிடைக்கும். டோக்கியோவில் தங்கம் வென்ற நீரஜுக்கு ஹரியானா அரசு 6 கோடி ரூபாய் அறிவித்தது. விளையாடினால் வாழ்க்கை கெட்டுவிடும் என்ற பயம் அங்கே குறைவு. விளையாட்டும் ஒரு பிழைப்பு என்று பெற்றோர் நம்புகிறார்கள்.

ஆசியப் போட்டியில் 107, ஒலிம்பிக்கில் 6... ஏன் இந்த இடைவெளி?

ஹாங்சோ ஆசியப் போட்டியில் 28 தங்கம் உட்பட 107 பதக்கம் வென்று இந்தியா சாதனை படைத்தது நினைவிருக்கும். அது நடந்து ஒரு வருஷத்துக்குள் பாரிஸில் 6-தான். வீரர்கள் திடீரென்று சொதப்பிவிட்டார்களா?

இல்லை. அந்த 28 தங்கத்தில் கபடியில் 2, கிரிக்கெட்டில் 2, ஸ்குவாஷில் 2, காம்பவுண்ட் வில்வித்தையில் 5 வந்தன. ஆக 11 தங்கம். இவற்றில் ஒன்றுகூட பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லாத போட்டிகள்! காமன்வெல்த் போட்டியில் நிலைமை வேறு. அங்கே சீனா, ஜப்பான், தென் கொரியா, அமெரிக்கா கிடையாது. பர்மிங்காமில் நாம் வென்ற 61 பதக்கத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அதற்காக அந்த வெற்றிகளுக்கு மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. ஒரு போட்டியின் கணக்கை இன்னொரு போட்டிக்கு அப்படியே தூக்கிப்போட முடியாது, அவ்வளவுதான்.

2028 லாஸ் ஏஞ்சலிஸில் கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் வருகின்றன. காம்பவுண்ட் வில்வித்தையில் கலப்பு அணிப் போட்டியும் இருக்கிறது. இந்தியாவின் எண்ணிக்கை அங்கே கூடினால், அதில் ஒரு பங்கு போட்டிகளின் பட்டியல் மாறியதால் வந்ததாக இருக்கும். அதையும் மறக்கக் கூடாது.

இந்தியாவால் முடியும் என்பதற்குச் சாட்சி பாராலிம்பிக்

மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் இந்தியாவின் கணக்கைப் பாருங்கள். 2016 ரியோவில் 4 பதக்கம். டோக்கியோவில் 19. பாரிஸில் 29, அதில் 7 தங்கம். பட்டியலில் 18ஆவது இடம். எட்டே ஆண்டில் நடந்த மாற்றம் இது.

எப்படி? ரியோவுக்குப் போனவர்கள் 19 பேர். டோக்கியோவுக்கு 54 பேர். பாரிஸுக்கு 84 பேர். வாசலுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை கூடியது, பதக்கமும் கூடியது. எங்கே பலம் இருக்கிறதோ அங்கே கவனமும் குவிந்தது. பாரிஸில் வந்த 29-ல் தடகளத்தில் மட்டும் 17. பேட்மிண்டனில் 5.

அந்த 5 பேட்மிண்டன் பதக்கங்களில் 3 தமிழ்நாட்டுப் பெண்களுடையவை. துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்ய ஸ்ரீ சிவன் வெண்கலம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் இருந்து வந்த மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என உயரம் தாண்டுதலில் அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வென்றிருக்கிறார்.

மாரியப்பன் 2016-ல் ஜெயித்தபோது பாரா விளையாட்டு என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் பிறகு தங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எத்தனையோ வீடுகளுக்குத் தெரியவந்தது. அந்த ஆய்வாளர்கள் சொன்ன 'வெளியுலகத் தொடர்பு' என்பது இதுதான்.

2036-ஐக் கேட்கும் இந்தியா எதைத் தேர்ந்தெடுக்கும்?

2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்திய ஒலிம்பிக் சங்கம் 2024 அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்துவிட்டது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கப்போகிறது. அதனால் 'டாப் 10-க்குள் வர வேண்டும்' என்ற பேச்சு இனி அடிக்கடி கேட்கும்.

அதற்குக் குறுக்கு வழி இருக்கிறது. எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகள், துப்பாக்கிச் சுடுதல், வில்வித்தை என நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, அதில் சில நூறு பேரை மட்டும் வளர்த்தால் எண்ணிக்கை கூடும். உஸ்பெகிஸ்தானும் பிரிட்டனும் அதைக் காட்டிவிட்டன. தப்பில்லை, அதுவும் தேவைதான். ஆனால் பள்ளியில் பி.டி. பீரியட்டைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்ளும் நாட்டில், மைதானமே இல்லாமல் நடக்கும் பள்ளிகள் இருக்கும் நாட்டில், அந்தச் சில நூறு பேர் எங்கிருந்து வருவார்கள்? திரும்பத் திரும்ப அதே சில மாவட்டங்களில் இருந்துதான்.

அதனால் 2028-ல் பதக்கப் பட்டியலைப் பார்க்கும்போது, மேலே இருக்கும் எண்ணோடு இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள்:

1. இந்தியாவிலிருந்து எத்தனை பேர் ஃபைனல் வரை போனார்கள்? பாரிஸில் 6 முறை நாம் 4ஆவது இடத்தில் நின்றோம். பட்டியலில் அவை பூஜ்யம்தான். ஆனால் நாலாவது இடம் என்பது அடுத்த பதக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடம்.

2. பதக்கங்கள் எத்தனை விளையாட்டுகளில் இருந்து வந்தன? ஒன்றிரண்டிலேயே நின்றுவிட்டதா, புதிதாக ஏதாவது சேர்ந்ததா?

3. எத்தனை மாநிலங்களில் இருந்து வந்தன? ஒரே மாநிலம் பாரம் சுமந்தால் அடித்தளம் விரியவில்லை என்று அர்த்தம்.

4. வீரர்களும் வீராங்கனைகளும் எப்படி நடத்தப்பட்டார்கள்? காயம், எடை குறைப்பு, புகார் கொடுத்தால் கேட்க ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நாட்டின் விளையாட்டு.

71ஆவது இடம் என்பது 140 கோடி பேரின் திறமைக்குப் போட்ட மார்க் கிடையாது. ஏனென்றால் அந்த 140 கோடியில் பெரும்பாலானோர் இன்னும் பரீட்சையே எழுதவில்லை. உங்கள் தெருவில் மாலை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மைதானமும், அதில் நேரம் குறித்துக்கொடுக்க ஒரு கோச்சும் இருக்கிறார்களா என்று பாருங்கள். 2036 பட்டியலில் இந்தியாவின் இடம் பெருமளவு அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.